புது பிரேக், பதினெட்டு வளைவு

"ரிம்மு ரெண்டையும் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைச்சு, பளபளன்னு ஆக்கித்தான் பாய் அனுப்பிச்சேன். புது பிரேக்குக்கு ஏத்த மாதிரி இருக்க வேணாமா?"

ரூபி இதைச் சொன்னது பெருமையாகத்தான். ஆனால் சனாவுல்லா பாயின் கையிலிருந்த டீ டம்ளர் வாய்க்கும் மேஜைக்கும் நடுவில் அப்படியே நின்றுவிட்டது.

1998, அக்டோபர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் ரூபியின் எஸ்.டி.டி. பூத். திருச்சியிலிருக்கும் மகளுக்குப் போன் போட வந்த சைக்கிள் கடை பாய், லைன் கிடைக்கும் வரை பேச்சுக்குப் பேச்சாக, "சாருக்குப் புது பிரேக்கு எப்படி?" என்று கேட்டார். அதற்கு வந்த பதில்தான் மேலே சொன்னது.

"எண்ணெய்னா... சக்கரத்துல எங்க போட்டீங்க? நடுவுல, அச்சுலயா?"

"அங்க எதுக்குப் போடணும்? சுத்தி வெள்ளியா ஒரு வளையம் இருக்குல்ல, அதுக்குத்தான். ரெண்டு பக்கமும். நேத்து கோயில்ல வண்டி மந்திரிச்சாங்க. சாமியார் தீர்த்தம் தெளிச்சது போதாதுன்னு மழை வேற. நனைஞ்ச இரும்பு துருப் புடிக்காதா? எங்கப்பா செம்பட்டியில இருக்கையில வாராவாரம் அப்படித்தான் செய்வாரு. பதினஞ்சு வருசம், அவரு வண்டியில ஒரு பொட்டுத் துரு கிடையாது."

"உங்கப்பா வண்டி, கறுப்பு வண்டியா? பெரிய வண்டி?"

"ஆமா."

பாய் டம்ளரை வைத்தார்.

"அது கம்பி பிரேக்கும்மா. அதுல கட்டை, ரிம்முக்கு உள்பக்கமாப் புடிக்கும். பக்கவாட்டுல நீங்க எண்ணெயிலயே குளிப்பாட்டுனாலும் ஒண்ணும் ஆகாது. சார் வண்டி ரேஸ் வண்டி. அதுல கட்டை வந்து கவ்வுறதே அந்தப் பக்கவாட்டுலதான்."

ரூபிக்குப் புரிய ஒரு விநாடி ஆனது. ஒரே ஒரு விநாடி. அப்புறம் அவள் கை தானாகவே மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"அப்ப... பிரேக்கு?"

"புடிக்காது."

"கொஞ்சம்கூடவா?"

பாய் நிமிர்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று இருபத்திரண்டு.

"சார் எத்தனை மணிக்கு மலையிலிருந்து இறங்குவாரு?"

"நாலு பத்துக்குப் பள்ளிக்கூடம் விடும். நாலே காலுக்கு வண்டியில ஏறிருவாரு" என்றாள் ரூபி.

ரூபியின் கணவன் ஆண்டனிராஜ் சிறுமலை மேல் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியன். காலையில் தெருமுனை வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவான். ஏழே முக்கால் பஸ் வரும். கண்டக்டரும் அவனுமாக சைக்கிளை பஸ் கூரைமேல் ஏற்றிக் கட்டுவார்கள். பஸ் மலை ஏறி, பள்ளிக்கூட வாசலிலேயே இறக்கிவிடும். சாயங்காலம் அவன் பஸ்ஸுக்குக் காத்திருக்க மாட்டான். அது வாழைத்தாருக்கும் எலுமிச்சை மூட்டைக்கும் நின்று நின்று, டவுனுக்கு வர ஏழாகிவிடும். வீட்டில் ஆறு மணிக்கு டியூஷன் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அதனால் இறக்கம் சைக்கிளில். பதினெட்டு வளைவு. பெடலை மிதிக்கவே வேண்டாம்.

டியூஷன் என்பதெல்லாம் ஊருக்குச் சொல்கிற காரணம். அந்த இறக்கத்துக்காகத்தான் அவன் மூன்று வருடமாக மாறுதல் கேட்காமல் இருக்கிறான் என்பது ரூபிக்குத் தெரியும்.

சைக்கிள், அவன் காலேஜில் படித்தபோது வாங்கியது. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனில் டயர். பதினான்கு வருடத்துப் பழசு. பிரேக்கும் அதே வயசு. அவன் இடதுகால் ஷூ மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடி தேய்ந்து ஓட்டையாவது ஏன் என்று ரூபி ஆகஸ்ட் மாதத்தில்தான் கண்டுபிடித்தாள். பிரேக் போதாத வளைவுகளில் ஐயா காலைத் தூக்கி முன்டயர் மேல் வைத்து அழுத்துகிறாராம்!

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை.

"பிரேக்கை மாத்துங்க."

"மாத்துனா என்ன ஆகும் தெரியுமா? இந்த பிரேக்கு சரியாப் புடிக்காதுன்னு எனக்குத் தெரியும். அதனால நான் பாத்து இறங்குறேன். புதுசு போட்டா அதை நம்பி விட்டுருவேன். நம்புறதுதான் ரூபி ஆபத்து."

"வாத்தியார் பேச்சைப் பாரு. அப்ப வீட்டுக்குக் கதவு எதுக்கு? தொறந்தே போட்டுட்டு முழிச்சுக்கிட்டுப் படுங்க."

பாயிடம் பஞ்சாயத்து போனது. அவர் இரண்டு பக்கமும் சாயவில்லை. "மாத்தலாம். தைவான் செட்டு ஒண்ணு மதுரையில கிடைக்குது, சும்மா கவ்வுன்னா கவ்வும். ஆனா ரிம்மு இரும்பு. மழையில எந்த பிரேக்கா இருந்தாலும் செத்த யோசிச்சுத்தான் புடிக்கும்" என்றார்.

இரண்டு மாதம் இழுத்தது. கடைசியில் ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் ரூபி வெஞ்சனத்தை அவன் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "உங்க பிரேக்கு மேல அம்புட்டுத் தெம்புன்னா, ஒரு நாள் என்னையும் பார்ல உக்கார வச்சுக்கிட்டு இறங்குங்க. அதுக்கப்புறம் நான் இதைப் பத்தி வாயே தொறக்கல."

மறுநாள் காலையில் ஆண்டனிராஜ் பாய் கடைக்குப் போய், "மதுரை செட்டை வரவழைங்க பாய்" என்றான்.

போன சனிக்கிழமை மாட்டியாயிற்று. அவன் பாய் கடை வாசலில் ஓட்டிப் பார்த்தான்; பிரேக்கைப் பிடித்ததும் சைக்கிள் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஆண்டனிராஜே சிரித்துவிட்டான். அதுவரை அந்தச் சைக்கிளை வீட்டில் அவனைத் தவிர யாரும் தொட்டதில்லை. நேற்றுச் சாயங்காலம் அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஜெயித்த களிப்பில் ரூபி முதல்முதலாகத் தொட்டாள். கையில் அரைக் கிண்ணம் தேங்காயெண்ணெய்.

இப்போது அவள் போன் டயலைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்து ஆபீசில் போன் உண்டு. அவசரத்துக்கென்று அவள் எழுதி வைத்திருந்த நம்பர். காதில் வைத்தால், சத்தமே இல்லை. கிணற்றுக்குள் காது வைத்த மாதிரி. மறுபடி. மறுபடியும் கிணறு.

"போன வாரத்து மழையில மரம் விழுந்து மலை லைனே போச்சு பாய். நானே நாலு பேருகிட்டச் சொல்லித் திருப்பி அனுப்புனேன்."

சிங்கப்பூருக்குப் பேசலாம், துபாய்க்குப் பேசலாம், தலையைத் தூக்கினால் தெரிகிற மலைக்குப் பேச முடியாது!

"மேல போற பஸ்ஸு?"

"ரெண்டரைக்குப் போயிருச்சு. அதுதான் திரும்பி வரணும்."

பாய் ஏற்கெனவே எழுந்து வாசலுக்குப் போயிருந்தார். அவருடைய மொபெட் பூவரச மரத்தடியில் நின்றது. பின்சீட்டில் பழைய டியூப், பம்பு, ஒரு சாக்கு. எல்லாவற்றையும் பூத்துக்குள் வீசினார்.

"பூட்டும்மா. உக்காரு."

மற்ற நாளாக இருந்தால் மேட்டுப்பட்டியில் பாயின் வண்டியில் பூத்துக்கார ரூபி போவதைப் பார்த்து நாலு ஜன்னல் திறந்திருக்கும். அன்றைக்கும் திறந்திருக்கலாம். அவள் பார்க்கவில்லை.

நத்தம் ரோடு. எதிர்க்காற்று. மொபெட் முப்பத்தைந்துக்கு மேல் போக மாட்டேன் என்றது. பாய் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிய முறுக்கில் அவர் மணிக்கட்டு நரம்பு புடைத்திருந்தது. சிறுமலைப் பிரிவில் திரும்பும்போது ரூபி வாட்சைப் பார்த்தாள். மூன்று ஐம்பது.

"பாய், வண்டியில ஏறுன உடனே அவருக்குத் தெரிஞ்சிராதா, பிரேக்கு புடிக்கலன்னு?"

"பள்ளிக்கூடத்துல இருந்து ரோடு எப்படி இருக்கும்?"

"ஒரு கிலோமீட்டர் மேடுதான். அப்புறம் இறக்கம்."

"மேட்டுல எவன் பிரேக்கைத் தொடுவான்?" பாய் காற்றில் கத்தினார். "பழைய பிரேக்கா இருந்தா இறக்கம் ஆரம்பிக்கையிலேயே புடிச்சுப் பாத்திருப்பாரு. இப்ப..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. 'நம்பி விட்டுருவேன். நம்புறதுதான் ரூபி ஆபத்து.'

மலையடிவாரம். நான்கு மணி. செக்போஸ்ட் கம்பு தூக்கியிருந்தது. முதல் வளைவு. மொபெட் முனகியது. இரண்டாவது வளைவில் ரூபி தானாகவே இறங்கி ஓடினாள். வளைவு தாண்டி மறுபடி ஏறிக்கொண்டாள். மூன்றாவதிலும் அதே. நான்காவது வளைவுக்குப் பாதியில் இன்ஜின் இரண்டு முறை இருமியது. புகை வந்தது. நின்றது.

பாய் உதைத்தார். உதைத்துக்கொண்டே இருந்தார். இன்ஜின் சூடேறி வாயை மூடிக்கொண்டது.

மணி நாலு பன்னிரண்டு.

"நான் நடக்குறேன் பாய்."

"பதினாலு வளைவு இருக்கும்மா. நீங்க பாதி ஏறுறதுக்குள்ள அவரு கீழ வந்துருவாரு. நில்லுங்க, யோசிப்போம்." அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "எங்க நிக்கிறோம்கிறதுதான் முக்கியம். வளைவுல நின்னா, உங்களைப் பாத்த பதட்டத்துல பிரேக்கைப் புடிச்சு ஹேண்டிலை ஒடிப்பாரு. ஒடிச்சா எந்தப் பக்கம் போவாருன்னு சொல்ல முடியாது."

இடது கைப்பக்கம் பாறை. வலது கைப்பக்கம் ஒன்றுமில்லை. கீழே, தூரத்தில், திண்டுக்கல்லின் ஓட்டுக்கூரைகளும் மலைக்கோட்டைப் பாறையும் வெயிலில் கிடந்தன.

"அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல ரோடு நேரா இருக்கு. அங்க போய் பாறைப் பக்கமா நில்லுங்க. தூரத்துலயே பாத்துக் கத்தணும். பிரேக்குன்னு கத்தாதீங்க. கால ஊணுங்கன்னு கத்துங்க. பாறையோட ஒரசுங்கன்னு கத்துங்க. அடிபட்டாலும் பரவாயில்ல, இந்தப் பக்கம் விழணும்."

அவள் ஓடினாள். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஐந்தாவது வளைவை ஏறி, நேரான ரோட்டுக்கு வந்து பாறையில் முதுகை ஒட்டி நின்றாள். மூச்சு நெஞ்சில் முட்டியது. பாயும் பின்னாலேயே வந்து எதிரே இருபது அடி தள்ளி நின்றார்.

நாலு இருபத்தைந்து. அவன் ஏறியிருப்பான்.

நாலு முப்பத்தைந்து. இறக்கத்தில் இருப்பான்.

மேலே எங்கோ ஒரு குரங்குக் கூட்டம் கிளை தாவியது. ஒவ்வொரு கிளை முறிவுக்கும் அவள் வாய் திறந்து மூடியது.

நாலு நாற்பத்தைந்து. இந்நேரம் அவன் இந்த இடத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.

வந்தால் பயம் என்று நினைத்தவள், வராதது அதைவிடப் பெரிய பயம் என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொண்டாள்.

"ரூபிம்மா" என்றார் பாய். அவளைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடி. "ஒண்ணு சொல்றேன் கேளுங்க. எண்ணெய் விசயம் நமக்குள்ளயே இருக்கட்டும். யாரு கேட்டாலும் என் வேலையில கோளாறு, வயரைச் சரியா முடுக்கலன்னு சொல்லிருவோம்."

"என்ன பாய் பேசுறீங்க?"

"இருபத்தெட்டு வருசமாக் கடை வச்சிருக்கேன். ஒரு கெட்ட பேரைத் தாங்கிக்கும். நீங்க... இதைத் தூக்கிக்கிட்டு வாழ முடியாதும்மா."

அவர் அப்படிச் சொன்ன பிறகுதான், பாய் எதை எதிர்பார்த்து நிற்கிறார் என்பது அவளுக்கு உறைத்தது. கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பிடித்தாள். 'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பித்தாள். அடுத்த வார்த்தை வரவில்லை. ஆறு வயதிலிருந்து சொல்கிற ஜெபம்.

ஐந்து பத்து. ஹாரன்.

ஆறாவது வளைவில் பஸ்ஸின் மூக்கு தெரிந்தது. மெல்ல உடம்பைத் திருப்பி நேர்ரோட்டுக்கு வந்தது. கூரைமேல் வாழைத்தார் அடுக்கு. அதற்குமேல், கயிறு போட்டுக் கட்டி...

சைக்கிள். முன்சக்கரம் எட்டாக வளைந்து வானத்தைப் பார்த்தது.

ரூபி ரோட்டின் நடுவில் போய் நின்றாள். டிரைவர் பிரேக்கை அழுத்த, பஸ் கிரீச்சிட்டு அவளுக்கு நாலு அடி முன்னால் நின்றது.

"ஏக்கா! சாவுறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினான். அப்புறம் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "அடடே, நம்ம வாத்தியார் வீட்டக்கா..."

"அவரு எங்க?"

"உள்ளதான்... எங்கயும் நிக்காம ஓட்டிட்டு வர்றோம்..."

மீதியை அவள் கேட்கவில்லை. முன்படியில் ஏறி, எலுமிச்சைக் கூடைகளைத் தாண்டி, கால்களை மிதித்து, பின்னால் போனாள். கடைசி நீள சீட்டில் அவன் சாய்ந்து கிடந்தான். இடது முழங்காலில் கண்டக்டரின் துண்டு, ரத்தத்தில் ஊறியிருந்தது. இடது மணிக்கட்டை மடியில் பொத்தி வைத்திருந்தான். கன்னம் முழுக்க முள் கீறல். ஆனால் கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணில் நிறையக் கோபம் இருந்தது.

அந்தக் கோபத்தைப் பார்த்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. செத்தவனுக்குக் கோபம் வராது.

"வா" என்றான். "உனக்கு யாரு சொன்னா? புது பிரேக்கு வாங்குன்னு ரெண்டு மாசம் உயிரை எடுத்தியே. பாரு. பதினேழாவது வளைவு, மேல இருந்து ரெண்டாவது. வளைவு வரைக்கும் தொடவே இல்ல, புதுசுல்ல, புடிச்சா நிக்கும்னு. ரெண்டு பிடியையும் சேத்து இழுக்குறேன், பிடி இறுக்கமாத்தான் இருக்கு, சக்கரம் பாட்டுக்கு வழுக்கிக்கிட்டுப் போகுது. எதுக்க ஆறு குதிரை, வாழைத்தார் ஏத்திக்கிட்டு. ஒரு பக்கம் குதிரை, ஒரு பக்கம் பள்ளம். பாறை ஓரம் உண்ணிச்செடிப் புதருக்குள்ள விட்டேன். அந்தச் செடி இல்ல..."

நிறுத்தினான். வாசலைப் பார்த்தான். அங்கே சனாவுல்லா பாய் படியில் ஏறி நின்றிருந்தார்.

"வாங்க பாய். நல்லா மாட்டுனீங்க பிரேக்கு."

"மதுரைச் சாமானெல்லாம் இப்படித்தான் சார்" என்றான் கண்டக்டர், சந்தர்ப்பம் கிடைத்த குஷியில். "பாயி, உங்க கடையில பிரேக்கு மாட்டுனா கூடவே ஒரு ஆம்புலன்ஸும் குடுப்பீங்களா?"

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். பாய் தலையைக் குனிந்துகொண்டார். "வயரு... சரியா முடுக்கலையோ என்னமோ" என்றார்.

"நாளைக்கே பழைய பிரேக்கை எடுத்து மாட்டிருங்க" என்றான் ஆண்டனிராஜ். "பதினாலு வருசமா அது என்னைக் கொல்லல."

ரூபிக்கு எல்லாம் ஒரே கணத்தில் தெரிந்தது. வாயைத் திறக்காவிட்டால் அவள் மேல் ஒரு தூசி விழாது. பாயே சுமந்துகொள்வார். இந்த மனுஷன் கை கூடியதும் பழைய பிரேக்கை மாட்டிக்கொண்டு, இடதுகாலை டயரில் வைத்துக்கொண்டு, அடைமழையில் இதே பதினேழாவது வளைவில் இறங்குவான். அங்கே உண்ணிச்செடி இன்னொரு தரம் கிடைக்குமா?

"பாய் வேலையில கோளாறு இல்ல" என்றாள்.

"ரூபிம்மா..." என்றார் பாய்.

"சும்மா இருங்க பாய். என்னங்க, நான்தான். நேத்து நீங்க தூங்கையில ரிம்முல தேங்காயெண்ணெய் போட்டேன். துருப் புடிக்கக் கூடாதுன்னு. அதுலதான் பிரேக்கு புடிக்கும்னு எனக்குத் தெரியாது. மூணரைக்குத்தான் பாய் சொன்னாரு. ஓடி வந்தோம்."

பஸ்ஸில் சிரிப்பு நின்றது. இன்ஜின் மட்டும் உறுமியது. ஆண்டனிராஜ் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வகுப்பில் ஒரு கணக்குக்கு எதிர்பாராத விடை வந்தால் பார்ப்பானே, அப்படி.

"முன்னாடியா, பின்னாடியா?"

"ரெண்டுலயும்."

"எம்புட்டு?"

"அரைக் கிண்ணம்."

முன்சீட்டில் வெற்றிலை குதப்பிக்கொண்டிருந்த ஒச்சாயி, மலைமேல் எலுமிச்சை வாங்கி விற்கிறவள், திரும்பினாள். "அடி பாவி மகளே, அரைக் கிண்ணத்துக்கு ஒரு வாரம் தலை சீவலாமே!"

இந்த முறை மொத்த பஸ்ஸும் வெடித்துச் சிரித்தது. டிரைவர்கூட ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டான். ஆண்டனிராஜ் சிரிக்கவில்லை. ரூபியும் சிரிக்கவில்லை. அவள் அவன் காலடியில் பஸ் தரையில் உட்கார்ந்து, துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். பஸ் கிளம்பியது.

ரோட்டோரம் நின்ற பாயின் மொபெட்டைத் தாண்டி, மூன்று வளைவு இறங்கியது. அப்புறம் ஆண்டனிராஜ், "பாய்" என்றான். "பழைய பிரேக்கா இருந்தா எண்ணெயில புடிச்சிருக்குமா?"

"எதுவும் புடிக்காது சார்."

"ஆனா பழைய பிரேக்கா இருந்திருந்தா நான் அம்புட்டு வேகத்துல வந்திருக்கவே மாட்டேன்."

அது உண்மை. இரண்டு மாதமாக அவன் சொன்னது, அவள் கதவைச் சொல்லிக் கிண்டலடித்தது.

"ஆமா" என்றாள் ரூபி. "நீங்க சொன்னது சரிதான். நான் சொன்னதும் சரிதான். மழையில அந்தப் பழசு உங்களை நிறுத்தாது. அதனால பிரேக்கு புதுசே இருக்கட்டும். நீங்க பழையபடியே இறங்குங்க."

"நீ வண்டியத் தொடாம இருந்தாப் போதும்."

"தொடுவேன்" என்றாள். தரையிலிருந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். "இன்னைக்குத் தெரியாமத் தொட்டேன். இனிமே தெரிஞ்சு தொடுவேன். பாய் சொல்லிக் குடுப்பாரு. தினம் காலையில நான் புடிச்சுப் பாக்காம அந்த வண்டி பஸ்ஸு மேல ஏறாது. அது உங்களுக்குச் சரிப்படலன்னா சாயங்காலமும் பஸ்ஸுலயே வாங்க."

அவன் மணிக்கட்டைப் பார்த்தான். அது இட்லி மாதிரி வீங்கியிருந்தது. "முதல்ல இதுக்கு மாவுக்கட்டுப் போடணும்" என்றான். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மாவுக்கட்டைப் பிரிக்க டிசம்பர் ஆயிற்று. பாய் புது ரிம் போட்டு, எண்ணெய் குடித்த கட்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுக்கட்டை மாட்டிக் கொடுத்தார். ஒரு திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு சைக்கிள் மறுபடி தெருமுனைக்கு வந்தது. பஸ்ஸும் வந்தது.

"என்னக்கா," கண்டக்டர் கூரை ஏணியில் நின்றபடி கேட்டான், "இன்னைக்கு நல்லெண்ணெயா, விளக்கெண்ணெயா?"

"உன் வாயிலதான் ஊத்தணும். செத்த நேரம் சும்மா இரு."

ரூபி காய்ந்த துணியால் முன்ரிம்மை ஒரு சுற்றுத் துடைத்து, துணியை மூக்கில் வைத்து மோந்தாள். முன்பிடியை இறுக்கிக்கொண்டு, உடம்பு முழுவதையும் கொடுத்து சைக்கிளை முன்னால் தள்ளினாள். சக்கரம் உருளவில்லை. டயர் தார் ரோட்டில் தேய்ந்து கறுப்பாக ஒரு கோடு போட்டது. பின்பிடியை இறுக்கினாள். தள்ளினாள். அதுவும் அசையவில்லை.

டிரைவர் ஹாரன் அடித்தான்.

"ரூபி, போதும். பஸ் கிளம்பணும்" என்றான் ஆண்டனிராஜ். சுற்றிலும் பார்த்தான். ஜன்னலுக்கு ஜன்னல் முகம்.

"நிக்கட்டும்" என்றாள் அவள், மறுபடி முன்பிடிக்குக் கையைக் கொண்டுபோனபடி.